அழுத்தமானி இருக்கிறது, ஆவணம் எங்கே?

சென்ற விடுமுறைக்குக் கட்டாரிலிருந்து வந்திருந்த என் மருமகன், கனமூலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தான். அங்கே ஓர் எரிவாயு ஆலையில் குழாய் பொருத்தும் வேலை அவனுக்கு. பேச்சு மன்னார்க் கடலில் கிடைத்த வாயுவின் பக்கம் திரும்பியது. "நமது பகுதிக்கும் ஒருநாள் குழாய் வந்தால் நல்லதுதானே?" என்று கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "வரட்டும் மாமா. ஆனால் குழாயோடு தாளும் வரவேண்டும். நான் வேலை செய்யும் இடத்தில் தாள் இல்லாத குழாயை யாரும் தொடமாட்டார்கள். புத்தம் புதியதாக இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள்" என்றான்.

முப்பது ஆண்டுகளாகத் தாளை நம்பிப் பிழைத்தவன் நான். ஆயினும் குழாய்க்கும் தாளுக்கும் உள்ள இந்த உறவைப் பற்றி ஒருநாளும் எழுதியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பதிவு.

நம் நாட்டில் இயற்கை எரிவாயுக் குழாய்த்தொடர் இல்லையே, இல்லாத குழாய்க்கு ஏன் இந்த ஒப்பாரி என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லாதபோது கேட்பதுதான் புத்திசாலித்தனம். 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மன்னார்ப் படுகையில் 'டொராடோ', 'பரகுடா' என்ற இரு கிணறுகளில் கெயார்ன் நிறுவனம் வாயுவைக் கண்டறிந்தது. பின்னர் அந்நிறுவனம் வெளியேறியது. வாயு அங்கேயே இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம், அத்துறைக்கென ஓர் அதிகாரசபையை உருவாக்கியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கெரவலப்பிட்டிக்குத் திரவ இயற்கை வாயு கொண்டுவர அமெரிக்க நிறுவனமொன்றுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கும். 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் திருகோணமலை எரிசக்தி மையம் பற்றிய புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதன் பேச்சிலும் குழாய் இருக்கிறது. எங்கள் களப்புக்கு அக்கரையில் நுரைச்சோலை. அங்கே 900 மெகாவாற் அனல் மின்நிலையம். மன்னார் வாயு என்றாவது கரையேறினால் அது எங்கள் கரையைத் தொட்டுச் செல்லக்கூடும் என்பதை ஊகிக்கத் தேசப்படம் ஒன்று போதும்.

ஆகவே குழாய் வருவதற்கு முன்னரே ஒரு கேள்வியை எழுப்பி வைக்கிறேன். "இந்தக் குழாய் இத்தனை அழுத்தம் தாங்கும்" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது?

குழாயொன்றின் உச்சப் பாதுகாப்பு அழுத்தம் ஆண்டவன் எழுதிய விதியன்று. மனிதன் போட்ட கணக்கு. குழாயின் விட்டம், சுவரின் தடிப்பு, உருக்கின் வலிமை, குழாயின் நீளவாட்டில் ஓடும் பற்றவைப்பின் தரம் ஆகிய நான்கையும் வைத்து ஓர் எண்ணிக்கை பெறப்படுகிறது. பின்னர் நீரை நிரப்பி, பாவனை அழுத்தத்தைவிடக் கூடுதலாக அழுத்தி, மணிக்கணக்கில் வைத்திருந்து சோதிக்கிறார்கள். கணக்கில் வந்த எண்ணிக்கை, சோதனையில் நிரூபணமான எண்ணிக்கை, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் போகலாகாது.

இந்த நான்கில் எதனையும் புதைத்த பிறகு கண்ணால் பார்க்க முடியாது. மண்ணுக்குள் போன குழாயைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் உள்ளதுதான். உருக்காலை கொடுத்த சான்றிதழ், பற்றவைப்பின் கதிர்ப்படம், நீரழுத்தச் சோதனையின் வரைபடம், அதில் ஒப்பமிட்டவரின் பெயர், திகதி. இவை இருந்தால் எண்ணிக்கை உண்மை. இவை இல்லையெனில் அது வெறும் வாய்ச்சொல். வாய்ச்சொல்லின் மேல் வீடு கட்டி, பிள்ளைகளை உறங்கவைக்கச் சொல்கிறார்கள்.

எல்லைக்குள்ளேயே வெடித்த குழாய்

2010 செப்டெம்பர் 9ஆம் திகதி மாலை ஆறு மணி கடந்து பதினொரு நிமிடம். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள சான் புரூனோ என்ற ஊரில், தெருவின் அடியில் சென்ற 30 அங்குல எரிவாயுக் குழாய் பிளந்தது. 8 பேர் இறந்தனர். 38 வீடுகள் அழிந்தன. 28 அடி நீளமான குழாய்த்துண்டு ஏறத்தாழ 100 அடி தூரத்தில் போய் விழுந்தது. வாயுவை நிறுத்த 95 நிமிடங்கள் பிடித்தன. உலகின் மிகப் பணக்கார மாநிலங்களுள் ஒன்றில் நடந்த கதை இது.

இனி வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம். அந்தக் குழாய்க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 400 இறாத்தல். பிளந்த நேரத்தில் இருந்த அழுத்தம் 386 இறாத்தல். எல்லை மீறப்படவில்லை. எல்லையே பொய்யாக இருந்தது.

பீஜி அன்ட் ஈ என்ற அந்நிறுவனத்தின் பதிவேட்டில், அது நீளவாட்டில் பற்றவைப்பே இல்லாத, ஒரே வார்ப்பான குழாய் என்று எழுதப்பட்டிருந்தது. விபத்துக்குப் பின் தோண்டிப் பார்த்தபோது, அவ்விடத்தில் சிறுசிறு துண்டுகள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருந்தன. சிலவற்றின் நீளவாட்டுப் பற்றவைப்பு பாதியளவே பற்றியிருந்தது. 1956இல் அதனைப் புதைத்தவர்கள் நீரழுத்தச் சோதனை செய்ததற்கு ஆதாரம் இல்லை. பற்றவைப்பில்லாக் குழாய் என்ற தகவல் கணக்குப் பிரிவின் பழைய சீட்டொன்றிலிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து கணினி வரைபடத்துக்கும் ஏறியிருந்தது. தவறான தாள் கணினிக்குள் போனதும் வேதவாக்காகிவிட்டது. அத்தனை பெரிய விட்டத்தில் அப்படியொரு குழாயை அக்காலத்தில் யார் செய்தார்கள் என்று ஐம்பது ஆண்டுகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2011 ஜனவரியில் அவசரப் பரிந்துரை ஒன்றை விடுத்தது. மூலத்தைத் தேடிச் சென்றடையக்கூடிய, சரிபார்க்கக்கூடிய, முழுமையான ஆவணங்களைக் கொண்டுதான் அழுத்தத்தை நிர்ணயிக்க வேண்டும் என்றது. அந்த மூன்று சொற்களைக் கேட்டதும் நிறுவனம் பதறியது. டேலி சிட்டியிலுள்ள 'கௌ பேலஸ்' என்ற பெரிய அரங்குக்குப் பெட்டி பெட்டியாகப் பழைய ஆவணங்களைக் கொண்டுவந்து, இரவு பகலாகத் தேடினார்கள். மாட்டுச் சந்தைக்கும் கண்காட்சிக்கும் பயன்பட்ட மண்டபத்தில் குழாய்களின் பிறப்புச் சான்றிதழைத் தேடிய காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். 2015இல் கலிபோர்னிய ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 160 கோடி டொலர் தண்டம் விதித்தது. 2016 ஓகஸ்டில் நடுவர் குழு அந்நிறுவனத்தை ஆறு குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் கண்டது. ஐந்து, குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியமை. ஆறாவது, விசாரணைக்கு இடையூறு விளைவித்தமை.

2019இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. மக்கள் செறிந்த இடங்களில், ஆவணம் இல்லாத பழைய குழாய்களை மீளச் சோதிக்க வேண்டும், அல்லது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும், அல்லது ஏற்கத்தக்க வேறு ஆய்வினால் எண்ணிக்கையை நிறுவ வேண்டும். முழுவதும் முடிக்க 2035 வரை தவணை. எட்டு உயிர்களுக்குப் பின் கால் நூற்றாண்டு! அடியிலேயே தாளைப் பத்திரப்படுத்தியிருந்தால் இந்தச் செலவும் இல்லை, இந்தச் சாவும் இல்லை.

தென்னந்தோப்புகளின் நடுவே

அமெரிக்கா தூரம் என்பீர்களானால் ஆந்திரத்துக்கு வாருங்கள். 2014 ஜூன் 27ஆம் திகதி அதிகாலை, கிழக்குக் கோதாவரி மாவட்டத்தின் நகரம் என்ற கிராமத்தில், கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாயிலிருந்து கசிந்த வாயு தீப்பற்றியது. 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதுவும் எங்கள் புத்தளத்தைப் போலத் தென்னை நிறைந்த கரையோரப் பிரதேசம். கருகி நின்ற தென்னைகளின் படங்களைப் பார்த்தபோது, எங்கள் ஊர்த் தோட்டம் ஒன்று எரிந்ததுபோல் இருந்தது.

அங்கே குழாயின் வயது வெறும் பதின்மூன்று ஆண்டுகள்தான். விசாரணைகளில் வெளிவந்த உண்மை என்ன? உலர்ந்த வாயுவுக்கென அமைக்கப்பட்ட குழாயில் நீர் கலந்த ஈர வாயு சென்றுகொண்டிருந்தது. நீரை அகற்றும் அலகு அமைக்கப்படவில்லை. உருக்கு உள்ளிருந்து அரித்துப்போனது. தாளில் இருந்த குழாய் வேறு, மண்ணில் இருந்த குழாய் வேறு. சுவர் மெலிந்த பின்னும் பழைய எண்ணிக்கையையே நம்பியிருப்பது, இருபது வயதில் தூக்கிய மூட்டையை அறுபது வயதிலும் தூக்குவேன் என்று மார்தட்டுவது போன்றது.

தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30ஆம் திகதி ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய்க் குழாய் கசிந்தது. வயலில் எண்ணெய் பரவியது. மக்கள் திரண்டு, மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றனர். வந்தது பொலிசாரின் தடியடி. பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் சிறைக்குச் சென்றனர். குழாயின் வயது என்ன, கடைசியாக எப்போது சோதித்தீர்கள், தடிப்பு எவ்வளவு மிச்சம் என்ற மூன்று கேள்விகளுக்குத் தாளைக் காட்டியிருந்தால் அத்தனை கலவரம் நேர்ந்திருக்குமா?

நம் வீட்டு அடுப்பங்கரை

பிற நாட்டுக் கதைகளை விடுவோம். 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் இலங்கையின் அடுப்பங்கரைகள் வெடித்தன. காலையில் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைக்கும் பெண்கள் நடுங்கிய காலம் அது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் அமைந்த குழு, சிலிண்டரிலிருந்த வாயுவின் கலவை மாறியதே பிரதான காரணம் என்றது.

புரொப்பேனும் பியூட்டேனும் கலந்ததே சமையல் வாயு. நம் நாட்டு வெப்பத்தில் புரொப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். ரெகியுலேட்டரும் இறப்பர்க் குழாயும் இணைப்பும் பழைய அழுத்தத்துக்குப் பழகியவை. கலவை மாறிய செய்தி பாவனையாளருக்குப் போகவில்லை. விகிதத்தைச் சிலிண்டரில் குறிப்பிட வேண்டும் என்ற ஏற்பாடு வெடிப்புகளுக்குப் பின்னரே வந்தது. ஒரு சிறு தாள். அதில் இரண்டு எண்ணிக்கைகள். அதற்குக் கொடுத்த விலை மனித உயிர்கள்.

கைக்கடக்கமான சிலிண்டருக்கே இந்தக் கதி என்றால், மைல்கணக்கில் நீளும் குழாயின் பதிவேட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?

என் தொழில் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு பதிவேடு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நெல் ஆலை ஒன்றில் கொதிகலன் வெடித்தது. செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஊரையும் ஆலையையும் குறிப்பிட விரும்பவில்லை. பொறுப்பாளர் சுவரிலிருந்த அழுத்தமானியைக் காட்டி, "எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது" என்றார். பதிவேட்டைக் கேட்டேன். தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார். நாளுக்கு மூன்று வேளை அழுத்தம் எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து அழகாகவே இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். வெடிப்பு நடந்தது மாதத்தின் 11ஆம் திகதி. அந்தப் பதிவேட்டில் 30ஆம் திகதி மாலை வரை அழுத்தம் எழுதி ஒப்பமும் இடப்பட்டிருந்தது.

மறுநாள் பத்திரிகையில் இறந்தவரின் பெயரும் நட்டஈட்டுக் கோரிக்கையும் வந்தன. பதிவேட்டுச் செய்தி இடமின்மையால் நீக்கப்பட்டது. நானும் அதற்காகப் போராடவில்லை. பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் பாவமும் இதில் உண்டு. பிணத்தை எண்ணுவோம், பதிவேட்டைப் புரட்டமாட்டோம்.

சொல்லப்போகும் சமாதானங்கள்

"இது பொறியியலாளர் காரியம், உங்களுக்கு என்ன விளங்கும்?" என்பார்கள். கணக்கை நாங்கள் போடப்போவதில்லை. கணக்குக்கு ஆதாரம் உண்டா என்றுதான் கேட்கிறோம். வங்கி முகாமையாளர் கணக்கியலில் வல்லவர் என்பதற்காக வைப்புப் புத்தகம் கேட்காமல் பணத்தைக் கொடுப்போர் உண்டா?

"நாசகாரர் கையில் சிக்கிவிடும், இவை பாதுகாப்பு இரகசியம்" என்பார்கள். வால்வின் பூட்டு எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. சோதனை நடந்த திகதியும், தாங்கிய அழுத்தமும், ஒப்பமிட்டவரின் பெயரும் யாருக்கு ஆயுதமாகும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமே, விலக்குகளைச் சொல்லிவிட்டு, பொதுநலன் மேலோங்கினால் தகவலைக் கொடுக்க வேண்டும் என்கிறது.

"தாள் வெடிப்பைத் தடுக்காது" என்பது மூன்றாவது சமாதானம். இதில் ஓரளவு உண்மை உண்டு. நெல் ஆலைப் பதிவேடும் தாள்தானே! அதனால்தான் தாளை வைத்திருப்பது மட்டும் போதாது, வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்கிறேன். ஒரு தாளை இன்னொரு தாளோடும், இரண்டையும் நிலத்தில் உள்ளதோடும் ஒப்பிடவேண்டும். குழாயை இயக்குபவரே அதனைச் சோதித்து, அவரே சான்றிதழும் எழுதுவது, மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவதாகும்.

வீடுகள் பெருகினால் அழுத்தம் குறையவேண்டும்

இன்னொரு விடயம் எங்கள் மாவட்டத்துக்கு மிக நெருக்கமானது. அமெரிக்க விதிகளின்படி குழாயின் அழுத்தம் அயலிலுள்ள வீடுகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. குழாயின் இருபுறமும் 220 யார் அகலத்தில், ஒரு மைல் நீளத்தில் 10 வீடுகளோ அதற்குக் குறைவோ இருந்தால், உருக்கு தன் உருக்குலையத் தொடங்கும் எல்லையில் 72 சதவீதம் வரை அழுத்தலாம். 46 வீடுகளாகிவிட்டால் 50 சதவீதமே அடிப்படை வரம்பு. ஆகவே வீடுகளை எண்ணுவதும் அழுத்தப் பதிவேட்டின் ஓர் அங்கம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் அடைக்கலம் புகுந்தது புத்தளத்தில். வெற்று மணலும் உடைமரமுமாய்க் கிடந்த இடங்களில் சில மாதங்களுள் குடிசைகள் எழுந்தன. பின்னர் அவை கல்வீடுகளாயின, பள்ளிவாசலும் பாடசாலையும் வந்தன. அதற்கு முந்திய ஆண்டு அங்கே ஒரு குழாய் புதைக்கப்பட்டிருந்தால், "ஆளில்லா வெளி" என்றே தாளில் எழுதியிருப்பார்கள். அகதி வந்து கூரை போட்டதைக் குழாயின் பதிவேட்டில் யார் திருத்தியிருப்பார்? அதற்காக அழுத்தத்தை யார் குறைத்திருப்பார்? நம்மைப் போன்ற இடம்பெயர்ந்து வாழும் மக்கள் மிகுந்த நாட்டில், ஒருமுறை எழுதிப் பெட்டியில் பூட்டிய ஆவணம் ஆபத்தானது.

கேட்பது இவ்வளவே

குழாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரிச் சாம்பலை அறிந்த மாவட்டத்தவன் நான். வாயு அதைவிடத் தூய்மையானது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் முதல் குழாய் கப்பலிலிருந்து இறங்குமுன் சட்டத்தில் ஐந்து காரியங்கள் ஏறவேண்டும்.

ஒன்று: ஒவ்வொரு குழாய்த்துண்டுக்கும் உருக்காலைச் சான்றிதழ் முதல் நீரழுத்தச் சோதனை வரைபடம் வரை முழு ஆவணமும், அக்குழாய் நிலத்தில் உள்ளவரை பேணப்படவேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் கம்பனி கைமாறினாலும் தாள் குழாயோடு போகவேண்டும்.

இரண்டு: அவற்றைச் சரிபார்ப்பவர் குழாயின் உரிமையாளரிடம் சம்பளம் வாங்காதவராக இருக்கவேண்டும்.

மூன்று: ஆவணம் இல்லையெனில் குழாய் பாதுகாப்பானது என்று ஊகிக்கலாகாது. மீளச் சோதிக்கும்வரை அழுத்தம் குறையவேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு இயக்குபவருடையது, கீழே உறங்கும் குடும்பத்தினுடையதன்று.

நான்கு: கிராம உத்தியோகத்தரின் உதவியுடன் ஆண்டுதோறும் குழாயோரத்து வீடுகளை எண்ணி, உள்ளே ஓடும் வாயுவின் தன்மையையும் சுவரின் மீதித் தடிப்பையும் சேர்த்து, அழுத்த எல்லையை மறுபரிசீலனை செய்யவேண்டும்.

ஐந்து: இவற்றின் சுருக்கம் பிரதேச செயலகத்தில் சிங்களத்திலும் தமிழிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். தமிழ் அரச கரும மொழியாகி எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும், தனிச்சிங்களக் கடிதத்தை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க ஆள் தேடும் மக்கள் நாங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தாளையாவது எங்களுக்குப் புரியும் மொழியில் தாருங்கள்.

வெளிநாடுகளில் எண்ணெய், எரிவாயுத் துறையில் பணிபுரியும் தமிழ் பேசும் பொறியியலாளர்களும் தொழிலாளர்களும் ஏராளம். என் மருமகனைப் போல அவர்கள் அங்கே தாள் இல்லாத குழாயைத் தொடுவதில்லை. அந்த ஒழுக்கம் ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்தோடு நின்றுவிடலாகாது. இந்தச் சட்டத்தை எப்படி எழுதவேண்டும் என்பதை எங்கள் அமைச்சர்களைவிட அவர்கள் நன்கறிவார்கள். அவர்கள் வாய் திறக்கவேண்டும்.

மருமகன் விடுமுறை முடிந்து போய்விட்டான். புறப்படும்போது, நாங்கள் பேசியதை எழுதப்போகிறேன் என்றேன். "எழுதுங்கள் மாமா. ஆனால் திகதியையும் போட்டு ஒப்பமும் வையுங்கள்" என்று சிரித்தான்.

வைத்துவிட்டேன். நாளை குழாயோடு வருகிறவர்களும் வைக்கட்டும்.